பிஎம்ஐ: சரியாக அளப்பது எப்படி, நம் உடம்புக்கு ஏற்பப் படிப்பது எப்படி

உடல் பரிசோதனை அறிக்கையில் பிஎம்ஐ 24.2 என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லேப் அதற்குப் பக்கத்தில் ‘நார்மல்’ என்று அச்சிடும். இன்னொரு லேப் ‘அதிக எடை’ என்று அச்சிடும். இரண்டும் தவறில்லை. முதலாவது உலகப் பொது அட்டவணையைப் பார்க்கிறது, இரண்டாவது இந்தியர்களுக்கான அட்டவணையைப் பார்க்கிறது. நமக்குப் பொருந்துவது இரண்டாவதுதான். அதைக்கூட வயிற்றுச் சுற்றளவோடு சேர்த்துப் படித்தால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் பிஎம்ஐ. தமிழில் உடல் நிறை குறியீட்டெண். பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்லே 1830களில் மக்கள்தொகையின் ‘சராசரி மனிதனை’ ஆராய்ந்தபோது கண்ட விகிதம் இது. நோயாளியைச் சோதிக்க அவர் இதை உருவாக்கவில்லை. 1972இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ்தான் இதற்கு இன்றைய பெயரைக் கொடுத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிறப்பிலேயே இது கூட்டத்துக்கான கணக்கு. தனி ஆளுக்குப் பயன்படுத்தும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும்.

உயரம்: பிழை பெரும்பாலும் இங்கேதான்

எடையை எல்லோரும் அடிக்கடி பார்க்கிறோம். உயரத்தைக் கல்லூரிக் காலத்தில் யாரோ சொன்னதை வைத்தே ஓட்டுகிறோம். கணக்கில் உயரத்தால் இரண்டு முறை வகுப்பதால் அதில் வரும் பிழையும் இரட்டிப்பாகும். 64 கிலோ எடையுள்ள ஒருவரின் உண்மையான உயரம் 158 செ.மீ. என்றால் பிஎம்ஐ 25.6. அதையே 160 என்று எழுதினால் 25.0, 156 என்று எழுதினால் 26.3. முன்னும் பின்னும் 2 செ.மீ. நகர்ந்ததற்கே இவ்வளவு வித்தியாசம்.

வீட்டில் அளக்க நல்ல சுவர் வேண்டும். நம் வீடுகளில் சுவரடியில் டைல்ஸ் பட்டை ஒட்டியிருப்பார்கள். அது குதிகாலை ஒரு செ.மீ. முன்னே தள்ளிவிடும், முதுகு சுவரில் பொருந்தாது. அதனால் பட்டை இல்லாத தூணோ மூடிய கதவோ நல்லது. செருப்பு, சாக்ஸ் இல்லாமல், குதிகால்களைச் சேர்த்து, பின்புறமும் தோள்களும் படும்படி நிற்க வேண்டும். கொண்டை, கிளிப், பூ எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முகத்தை மேலே தூக்கவோ கீழே தாழ்த்தவோ கூடாது. காதுத் துவாரமும் கண்ணின் கீழ் விளிம்பும் தரைக்கு இணையான ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இன்னொருவர் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றின் முதுகுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, முடி அமுங்கும் வரை தலைமேல் இறக்கி, புத்தகத்தின் அடி விளிம்பில் பென்சில் கோடு போடட்டும். பிறகு தரையிலிருந்து கோடு வரை இரும்பு டேப்பால் அளக்க வேண்டும். துணி டேப் நீளத்துக்குத் தொய்யும். இரண்டு முறை அளந்து அரை செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது முறை அளந்துவிடுங்கள்.

காலையில் அளப்பது நல்லது. பகல் முழுக்க நின்றும் உட்கார்ந்தும் முதுகெலும்பு வட்டுகள் அமுங்குவதால் மாலைக்குள் சுமார் ஒரு செ.மீ. குறைந்துவிடும்.

எடை: மெஷினைச் சந்தேகப்படுங்கள்

காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, காபி குடிக்கும் முன், லேசான உடையில் ஏறுங்கள். ஜீன்ஸ், பெல்ட், பர்ஸ், செல்போன் எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். பட்டுப்புடவையும் நகையும் அப்படித்தான். ரயில் நிலையத்தில் காசு போட்டு, செருப்பும் தோள்பையுமாக ஏறி அட்டை எடுத்த எடையை வைத்து பிஎம்ஐ போடுவதில் அர்த்தமில்லை.

டிஜிட்டல் மெஷினைப் பாய், மிதியடி, கார்ப்பெட் மேல் வைக்காதீர்கள். அடியிலுள்ள நான்கு கால்களிலும் உணர்கருவி இருக்கிறது; தரை அமுங்கினால் எடையைத் தவறாகக் காட்டும். நான்கு கால்களும் ஒரே டைல்ஸின் மேல், இடையிலுள்ள பள்ளக் கோட்டைத் தொடாமல் இருக்கட்டும். இடம் மாற்றினால் முதலில் லேசாக மிதித்து விழிக்கவைத்து, திரையில் பூஜ்யம் வந்த பிறகு ஏற வேண்டும்.

மெஷின் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு முறை, பை இல்லாமல் ஒரு முறை ஏறுங்கள். வித்தியாசம் 5 கிலோவுக்கு மிக அருகில் வர வேண்டும். 4.5 அல்லது 5.6 என்று வந்தால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் அப்படியே இருந்தால் அந்த மெஷினை விட்டுவிடலாம். இன்னொரு தந்திரமும் இருக்கிறது. பல மெஷின்கள் கடைசி எடையை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு மிக அருகில் வரும் எடைக்கு அதே எண்ணைத் திரும்பக் காட்டும். ‘மூன்று முறை ஏறினேன், மூன்றும் ஒன்றுதான், துல்லியமான மெஷின்’ என்று நம்பக் காரணம் இதுதான். நடுவில் அரிசிப் பையோடு ஏறி இறங்கினால் உண்மை தெரிந்துவிடும்.

தினமும் எடை பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. முந்தின இரவு ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டால் மறுநாள் காலை எடை கூடித் தெரியும். அது உப்பு பிடித்துவைத்த தண்ணீர். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் ஒரு கிலோ வரை ஏறி இறங்குவது சாதாரணம். வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம் போதும்.

கணக்குப் போடுவது

செல்போன் கால்குலேட்டரில் எடை ÷ உயரம் ÷ உயரம் என்று அடித்தால் முடிந்தது. 64 ÷ 1.58 ÷ 1.58 = 25.6. உயரத்தை மீட்டரில், அதாவது 158 என்பதை 1.58 என்று போட வேண்டும்.

ஆப்களில் அடி, அங்குலத்தைப் போடும்போதுதான் பெரிய விபத்து நடக்கிறது. 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. கட்டம் ஒன்று மட்டும் உள்ள ஆப் அதை 5.1 அடி என்று எடுத்துக்கொள்ளும். 5 அடி 10 அங்குலம் என்பது 177.8 செ.மீ.; 5.1 அடி என்பது 155.4 செ.மீ. தான். 75 கிலோ எடையுள்ளவருக்கு முதல் கணக்கில் பிஎம்ஐ 23.7, இரண்டாவதில் 31.1. ஒரு புள்ளி பிஎம்ஐயை ஏழுக்கு மேல் ஏற்றிவிட்டது. பேசாமல் அடியை 12ஆல் பெருக்கி, அங்குலத்தைக் கூட்டி, 2.54ஆல் பெருக்கி செ.மீ.க்கு மாற்றிவிட்டுப் போடுங்கள்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்காக, உங்கள் உயரத்துக்கு பிஎம்ஐ 18.5, 23, 25 ஆகிய மூன்று கோடுகளும் எத்தனை கிலோவில் விழுகின்றன என்று கீழே இருக்கிறது:

150 செ.மீ. – 41.6 / 51.8 / 56.3
155 செ.மீ. – 44.4 / 55.3 / 60.1
160 செ.மீ. – 47.4 / 58.9 / 64.0
165 செ.மீ. – 50.4 / 62.6 / 68.1
170 செ.மீ. – 53.5 / 66.5 / 72.3
175 செ.மீ. – 56.7 / 70.4 / 76.6

‘உயரத்திலிருந்து நூறைக் கழித்தால் இருக்க வேண்டிய எடை’ என்று ஒரு பழைய சூத்திரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன்படி 170 செ.மீ. உள்ளவர் 70 கிலோ இருக்கலாம். அது பிஎம்ஐ 24.2. நம் அட்டவணையில் அது ஏற்கெனவே கோட்டைத் தாண்டிய எடை.

ஏன் நமக்கு 23?

உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணையில் 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25 முதல் 29.9 வரை அதிக எடை, 30க்கு மேல் உடல்பருமன். ஐரோப்பிய உடல்களிலிருந்து கிடைத்த தரவுகளே இதற்குப் பெரும்பாலும் அடிப்படை. 2004இல் அதே நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசியர்களுக்கு 23, 27.5, 32.5, 37.5 ஆகியவற்றைக் கவனிக்க வேண்டிய கூடுதல் புள்ளிகளாகச் சேர்த்தது. சிங்கப்பூர் 23ஐயும் 27.5ஐயும் அப்படியே எடுத்துக்கொண்டது. அங்கே பாலிகிளினிக் போகும் தமிழருக்கு இந்த எண்கள் பழக்கமானவை. இந்தியாவில் 2009இல் மருத்துவர்கள் கூடி எடுத்த முடிவு இன்னும் கண்டிப்பானது: 23 முதல் 24.9 வரை அதிக எடை, 25இலேயே உடல்பருமன் தொடங்கிவிடும். 2025 ஜனவரியில் வந்த திருத்தத்தில் 23ஐத் தாண்டினாலே உடல்பருமன்தான். உறுப்புகளுக்குப் பாதிப்பு தெரியாத வரை முதல் நிலை, வயிற்றுப் பருமனும் அதை ஒட்டிய தொந்தரவுகளும் சேர்ந்தால் இரண்டாம் நிலை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் நம் உடல் அமைப்பு. ஒரே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரையும் தெற்காசியரையும் பக்கத்தில் நிறுத்தினால், பொதுவாக நம்மவரிடம் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் வயிற்றுக்குள்ளே கல்லீரலைச் சுற்றிச் சேர்கிறது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இதை ஒரு படத்தாலேயே காட்டினார்கள். புணேயின் மருத்துவ ஆய்வாளர் யாக்னிக், லண்டனின் யட்கின் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். சட்டை போட்டிருக்கும்போது இருவருமே ஒல்லி.

விளைவு சர்க்கரை நோயில் தெரிகிறது. இங்கிலாந்து மருத்துவப் பதிவுகளை வைத்து 2021இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், வெள்ளையர்களுக்கு பிஎம்ஐ 30இல் இருக்கும் இரண்டாம் வகை சர்க்கரை நோய் அபாயம் தெற்காசியர்களுக்கு 23.9இலேயே வந்துவிடுவதாகத் தெரிந்தது. லேப் அறிக்கையில் 24.2க்குப் பக்கத்தில் ‘நார்மல்’ என்று பார்த்து நிம்மதியடைவதில் உள்ள சிக்கல் இதுதான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல் இருந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பு 25ஐக் கோடாக வைக்கிறது. 23ஐ வைத்தால் எண்ணிக்கை இன்னும் மேலே போகும்.

இஞ்ச் டேப் சொல்வதைக் கேளுங்கள்

தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு பெரிய வம்பு செய்வதில்லை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் வில்லன். அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்து, கல்லீரல் கொழுத்து, இன்சுலின் சொல்பேச்சு அங்கே எடுபடாமல் போகிறது. பிஎம்ஐயால் இதைப் பார்க்க முடியாது. டேப்பால் ஓரளவுக்கு முடியும்.

பேன்ட் அளவைச் சொல்லக் கூடாது. தொப்பைக்குக் கீழே பேன்ட்டைக் கட்டிக்கொண்டு ‘இன்னும் 34தான்’ என்பவரின் வயிற்றை அளந்தால் 39, 40 இருக்கும். தொப்புளையும் நம்ப வேண்டாம். வயிறு தொங்கினால் தொப்புளும் சேர்ந்து இறங்கிவிடும். அளக்க வேண்டிய இடம் எலும்பை வைத்துத்தான் தெரியும்.

பக்கவாட்டில் விரலை அழுத்தி விலா எலும்பின் கடைசி விளிம்பைத் தேடுங்கள். அங்கிருந்து கீழே வந்தால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி, மறுபக்கமும் அதே போல் ஒன்று. கால்களை ஒரு சாண் அளவு அகட்டி, கைகளைத் தொங்கவிட்டு நில்லுங்கள். டேப் இரண்டு புள்ளிகள் வழியாகவும் தரைக்கு இணையாக, தோலைத் தொட்டும் அழுத்தாமலும் சுற்றி வர வேண்டும். முதுகுப் பக்கம் டேப் கீழே சரிவதுதான் வழக்கமான தவறு. கண்ணாடி முன் நின்று பாருங்கள், அல்லது யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த கணத்தில் படியுங்கள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாதீர்கள், நமக்கு நாமே மார்க் போட்டு என்ன ஆகப்போகிறது? பல வருடம் பழகிய தையல் டேப் நீண்டிருக்கும். இரும்பு டேப்போடு ஒரு முறை ஒப்பிட்டுவிடுங்கள்.

இந்தியர்களுக்கான கோடு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.

எண்ணே இல்லாமல் பார்க்கவும் வழி இருக்கிறது. உங்கள் உயரத்துக்குச் சரியாக ஒரு நூல் கயிறு வெட்டி, அதைப் பாதியாக மடித்து, மேலே சொன்ன இடத்தில் வயிற்றைச் சுற்றுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொட்டால் சரி. எட்டவில்லை என்றால் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2022 முதல் இந்தப் பாதிக் கணக்கைப் பரிந்துரைக்கிறது. டேப் இல்லாத வீட்டில், படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இது புரியும்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பது

பிஎம்ஐ 23க்குக் கீழே, வயிறும் கோட்டுக்குள்ளே என்றால் பேசப் பெரிதாக ஒன்றுமில்லை. வருடத்துக்கு ஒரு முறை அளந்துகொள்ளுங்கள்.

பிஎம்ஐ 23க்குக் கீழே, வயிறு மட்டும் 90ஐயோ 80ஐயோ தாண்டியிருந்தால் அதுதான் நம் ஊரில் ஏமாற்றும் வகை. கை கால் மெலிந்து, முன்வயிறு மட்டும் தள்ளியிருக்கும். ‘நான் ஒல்லிதானே’ என்று இவர்கள் பரிசோதனைக்கே வருவதில்லை. இவர்களுக்குச் சோறு குறைப்பது மட்டும் போதாது, தசை வேண்டும். வாரம் இரண்டு நாளாவது உட்கார்ந்து எழுவது, தண்டால், எடை தூக்குவது போன்ற பயிற்சி செய்து, ஒவ்வொரு வேளையும் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் என்று புரதத்தைக் கூட்ட வேண்டும். எடை மெஷினில் ஒன்றும் மாறாமலே டேப்பில் நான்கு செ.மீ. குறையலாம். அதை வெற்றியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிஎம்ஐ அதிகம், வயிறு கோட்டுக்குள் என்றால் இரண்டு வாய்ப்புகள். கபடி ஆடுபவர், ஜிம்மில் வருடக்கணக்கில் எடை தூக்குபவர், சுமை தூக்கும் தொழிலாளி போன்றோருக்குத் தசையே எடையைக் கூட்டியிருக்கலாம். இல்லையென்றால் தொடை, இடுப்புப் பக்கம் கொழுப்பு அதிகமுள்ள உடல்வாகு. அபாயம் குறைவு, ஆனால் மூட்டுக்குச் சுமை உண்டு. ‘எனக்கு எல்லாம் தசைதான்’ என்று சொல்பவர்கள் முதலில் டேப்பைச் சுற்றிக் காட்டட்டும்.

இரண்டுமே அதிகம் என்றால் தள்ளிப்போடாமல் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய வகை. 2025இல் லான்செட் இதழ் அமைத்த வல்லுநர் ஆணையம் ஒன்றும் இதே திசையில்தான் பேசியது: பிஎம்ஐயை மட்டும் வைத்து உடல்பருமன் என்று முடிவுகட்டாமல், சுற்றளவு போன்ற இன்னொரு அளவால் உறுதிசெய்து, உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

சென்னையில் பிறந்த ஒரு கணக்கு

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2005இல் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் பிஎம்ஐயே இல்லை, டேப் அளவுதான் இருக்கிறது. ஊசி, இரத்தம் எதுவும் வேண்டாம். ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம்.

வயது 35க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50க்கு மேல் 30. வயிற்றுச் சுற்றளவு பெண்களுக்கு 80க்குக் கீழ், ஆண்களுக்கு 90க்குக் கீழ் என்றால் 0. பெண்களுக்கு 80–89, ஆண்களுக்கு 90–99 என்றால் 10. அதற்கு மேல் 20. உடற்பயிற்சியும் கடின உடலுழைப்பும் இரண்டுமே உண்டு என்றால் 0, ஏதோ ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லாமல் உட்கார்ந்த வேலை என்றால் 30. அப்பா, அம்மாவில் யாருக்கும் சர்க்கரை இல்லையென்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20.

கூட்டுத்தொகை 60ஐத் தொட்டால் அதிக அபாயம், 30 முதல் 50 வரை நடுத்தரம், 30க்குக் கீழ் குறைவு. 42 வயது வங்கி ஊழியர், பெண், வயிறு 86 செ.மீ., நடைப்பயிற்சி இல்லை, அம்மாவுக்குச் சர்க்கரை என்றால் 20 + 10 + 30 + 10 = 70. வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது. நடையை ஆரம்பித்து, வயிற்றையும் 80க்குக் கீழே கொண்டுவந்தால் அதே பெண்ணுக்கு 50.

பரிசோதனைக்குப் போனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, இரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகள், கல்லீரல் நொதிகள் ஆகியவற்றைக் கேளுங்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரைக்கு முந்தைய நிலை, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரையும் அழுத்தமும் காசில்லாமல் பார்க்கலாம்.

எவ்வளவு குறைத்தால் போதும்?

23ஐத் தொட்டே ஆக வேண்டும் என்று நினைத்து மலைத்துப்போய் விட்டுவிடுபவர்கள் அதிகம். தேவையில்லை. இருக்கும் எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, அழுத்தம், கல்லீரல் கொழுப்பு எல்லாம் இறங்கத் தொடங்கும். மேலே பார்த்த 64 கிலோக்காரருக்கு 5 சதவீதம் என்பது 3.2 கிலோ. பிஎம்ஐ 25.6இலிருந்து 24.4க்குத்தான் வரும், 2009 அட்டவணையில் இன்னும் ‘அதிக எடை’தான். ஆனால் உடம்புக்குள் நடக்கும் மாற்றம் அந்தப் பெயரைப் பார்ப்பதில்லை. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களிடம் சர்க்கரை நோய் வரும் அபாயம் சுமார் 28 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடை பெரிதாக மாறாமலே அது நடந்தது என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது.

வாரத்துக்கு அரை கிலோ போதும். மாதம் பத்து கிலோ என்று விளம்பரம் செய்பவர்களிடம் போனால் தண்ணீரும் தசையும்தான் முதலில் போகும். தசை போய், பிறகு எடை திரும்பும்போது கொழுப்பாகத் திரும்பும். பிஎம்ஐ பழைய எண்ணுக்கே வந்திருக்கும், உடம்பு முன்னைவிட மோசமாகியிருக்கும்.

இந்த அட்டவணை யாருக்குப் பொருந்தாது?

குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. ஐந்து வயதில் பிஎம்ஐ 15 என்பது ஆரோக்கியமான எண். பெரியவர்களின் அட்டவணையில் அது கடுமையான மெலிவு. 5 முதல் 18 வயது வரை, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில்தான் புள்ளி வைக்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2015 வரைபடத்தில் வளர்ந்தபின் 23ஆகவும் 27ஆகவும் ஆகக்கூடிய கோடுகள் தனித்தனியே வரையப்பட்டிருக்கும். குழந்தைகள் மருத்துவரிடம் அதையே காட்டச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பத்துக்கு முந்தைய எடைதான் கணக்கு. பத்து மாதத்தில் எவ்வளவு கூடலாம் என்பது அந்த பிஎம்ஐயைப் பொறுத்தது. மெலிந்தவர் அதிகம் கூட வேண்டும், பருமனானவர் குறைவாக. கால் வீக்கம், வயிற்றில் நீர், சிறுநீரக அல்லது இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் எடையில் தண்ணீர் கலந்திருப்பதால் பிஎம்ஐ பொய் சொல்லும்.

முதியவர்களிடம் வேறு சிக்கல். முதுகெலும்பு தேய்ந்து கூன் விழுந்து உயரம் குறையும்போது, எடை மாறாமலே பிஎம்ஐ ஏறும். 152 செ.மீ. இருந்த பாட்டி 147க்கு வந்துவிட்டால், அதே 52 கிலோவுக்கு 22.5 என்றிருந்தது 24.1 ஆகிவிடும். அவரைப் பட்டினி போடுவது அநியாயம். நிமிர்ந்து நிற்க முடியாதவர்களுக்கு, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்தால் இளமைக்கால உயரத்துக்கு ஏறத்தாழ வரும். எழுபதுக்கு மேல் எடை கூடுவதைவிடத் தசை கரைவதே பெரிய ஆபத்து. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்பது பிஎம்ஐயைவிடப் பயனுள்ள கேள்வி.

கீழ்க் கோட்டை மறக்காதீர்கள்

பிஎம்ஐ பற்றிப் பேசினாலே பருமன் பற்றித்தான் பேசுகிறோம். 18.5க்குக் கீழே இருப்பதும் நோய்க்கு வாசல்தான். 17க்குக் கீழே நடுத்தர மெலிவு, 16க்குக் கீழே கடுமையான மெலிவு. மெலிந்த உடம்பில் காசநோய் எளிதில் ஏறும், ஏறியபின் கொல்லவும் கொல்லும். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடனே பிஎம்ஐ, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்பதைப் பார்க்கிறார்கள். பிஎம்ஐ 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்த்துக் கவனிக்க வேண்டிய ஆள். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு உணவுப்பொருள் கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

முயற்சி செய்யாமலே எடை குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ, காரணமின்றி இறங்கினால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் எல்லாம் பிஎம்ஐயை ‘அழகான’ எண்ணுக்குக் கொண்டுவரும். நாக்கு வறட்சி, அடிக்கடி சிறுநீர், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல் ஆகியவற்றில் எதுவும் கூடவே இருந்தால் அந்த வாரமே போங்கள். போகும்போது பழைய எடைகளைத் தேதியோடு எழுதி எடுத்துப் போனால், எவ்வளவு வேகமாக இறங்கியது என்பது மருத்துவருக்கு உடனே தெரியும்.